பிரெஞ்சுச் சான்றிதழ், ஜெர்மன் அலுவலகம்: யாரிடம் மொழிபெயர்க்கக் கொடுப்பது?

பிரான்சில் எடுத்த சான்றிதழ்களை ஜெர்மனியில் கொடுக்க வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது மொழிபெயர்ப்பாளரைத்தான். யார் மலிவு, யார் சீக்கிரம் முடிப்பார் என்ற விசாரிப்பும் உடனே தொடங்கிவிடும். என்னைக் கேட்டால் அது மூன்றாவது வேலை. அந்தத் தாளை யார் வாங்கப்போகிறார் என்று பார்ப்பது முதல் வேலை. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா என்று அவரிடமே கேட்பது இரண்டாவது. இந்த இரண்டையும் முடித்துவிட்டு வந்தால், மொழிபெயர்க்க வேண்டிய தாள்கள் பெரும்பாலும் பாதியாகக் குறைந்திருக்கும்.

பேசுவதற்கு வசதியாக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பாரிஸ் புறநகரான சென்-துனியில் பிறந்து லா கூர்நேவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண். பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. முதல் திருமணம் முறிந்துவிட்டது, ஒரு குழந்தை இருக்கிறது. இப்போது டோர்ட்முண்டில் இருக்கும் ஒருவரை மணந்துகொண்டு அங்கேயே குடியேறப் போகிறார். அவர் கையில் இருக்கும் தாள்கள்: தன் பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், விவாகரத்துப் பத்திரம், குற்றப்பதிவு இல்லை என்ற சான்று, லிசான்ஸ் பட்டம், சம்பளச் சீட்டுகள், ஓட்டுநர் உரிமம். இவை அத்தனையையும் ஒரு உறையில் போட்டு ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு அனுப்பினால் நல்ல தொகைக்கு ஒரு விலைப்பட்டியல் வரும். அவர் அதைக் கட்டத் தேவையில்லை.

முதலில், மொழிபெயர்ப்பே வேண்டாத தாள்கள்

ஓட்டுநர் உரிமத்தை எடுத்து ஓரமாக வையுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்று கொடுத்த உரிமம் ஜெர்மனியில் அப்படியே செல்லும்.

பிறப்புச் சான்றிதழுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பழையது. 1976இல் வியன்னாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி வரும் பன்மொழிச் சான்றிதழ். பிரான்சில் இதை 'எக்ஸ்த்ரே ப்ளூரிலாங்' என்பார்கள், ஜெர்மன் அலுவலகங்கள் 'இன்டர்நாட்சியோனாலெ கெபுர்ட்ஸ்ஊர்குண்டெ' என்று சொல்லும். பிறந்த ஊர் மெரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், கேட்டால் இலவசமாகத் தருவார்கள். ஒரே படிவத்தில் பல மொழிகளில் தலைப்புகள் இருக்கும். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றுக்கும் இது உண்டு. பிரான்சும் ஜெர்மனியும் அந்த உடன்படிக்கையில் இருப்பதால் மொழிபெயர்ப்பும் கேட்கக்கூடாது, தாள் உண்மையானது என்று உறுதிசெய்யும் முத்திரைச் சான்றும் கேட்கக்கூடாது.

இரண்டாவது வழி புதியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/1191 ஒழுங்குவிதி, 2019 பிப்ரவரி 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வழக்கமான பிரெஞ்சுச் சான்றிதழோடு ஒரு பன்மொழிப் படிவத்தையும் இணைத்துத் தரும்படி மெரியைக் கேட்கலாம். அந்தப் படிவம் தனியாகச் செல்லாது, சான்றிதழோடு ஒட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பிறப்பு, உயிரோடிருத்தல், இறப்பு, திருமணம், திருமணத் தகுதி, திருமண நிலை, பதிவு செய்த துணைவாழ்க்கை, வசிப்பிடம், குற்றப்பதிவு இல்லாமை ஆகியவற்றுக்கு இப்படிவம் உண்டு. விவாகரத்துக்கும் தத்தெடுப்புக்கும் குடியுரிமைக்கும் இல்லை.

கேட்பதற்கு இவ்வளவு நன்றாக இருக்கிறதே, பிறகு ஏன் மொழிபெயர்ப்பாளர்கள் பிழைக்கிறார்கள்? காரணம், பன்மொழிச் சான்றிதழ் சுருக்கமானது. பிறந்த தேதி, இடம், பெயர், பெற்றோர் பெயர் என்று அடிப்படை விவரங்களோடு நின்றுவிடும். திருமணத்துக்கோ பெயர்ப் பதிவுக்கோ விண்ணப்பிக்கும்போது ஜெர்மன் பதிவாளர் பார்க்க விரும்புவது முழுப்பிரதியை, அதாவது 'கொப்பி அன்தெக்ரால்' எனப்படும் நீளமான தாளை. அதன் ஓரத்தில்தான் விஷயமே இருக்கிறது: எந்தத் தேதியில் யாரை மணந்தார், எந்தத் தேதியில் அந்த மணம் கலைந்தது, பெயர் மாறியதா. புதிய ஒழுங்குவிதியும் பதிவாளருக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. படிவத்தில் உள்ள விவரம் போதவில்லை என்று அவர் கருதினால் மொழிபெயர்ப்பு கேட்கலாம். ஆகவே நம் பெண்ணின் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவும் வசிப்பிடப் பதிவுக்கும் பன்மொழிச் சான்றிதழ் போதுமானதாக இருக்கும். அவருடைய திருமணத்துக்கு முழுப்பிரதி கேட்கப்படும் என்றே எதிர்பார்க்க வேண்டும். அந்த முழுப்பிரதியோடு பன்மொழிப் படிவத்தை இணைத்துக் கொடுத்துப் பார்ப்பதில் நட்டமில்லை. சில மெரிகளில் கவுண்டரில் இருப்பவருக்கே அந்தப் படிவத்தைப் பற்றித் தெரியாது. ஒழுங்குவிதி எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

குற்றப்பதிவுச் சான்று, அதாவது 'புல்தான் நுமெரோ த்ருவா', நான்த் நகரில் உள்ள தேசியப் பதிவகத்திலிருந்து இணையம் வழியாக இலவசமாக வரும். அதற்கும் பன்மொழிப் படிவம் கேட்கலாம். ஜெர்மனியில் ஏற்கெனவே குடியேறிவிட்ட பிரெஞ்சுக் குடிமகன் என்றால் அதுவும் வேண்டாம். அங்கேயே 'ஐரோப்பிய நன்னடத்தைச் சான்று' கேட்டால் பிரான்சின் பதிவையும் ஜெர்மன் அரசே வரவழைத்துச் சேர்த்துத் தரும்.

சமூகப் பாதுகாப்புப் பக்கம் பலருக்கும் தெரியாத ஒரு விதி இருக்கிறது. குழந்தைப்பணம், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையிழப்புப் பணம் ஆகியவற்றுக்கான தாள்களை, இன்னொரு உறுப்பு நாட்டின் ஆட்சிமொழியில் இருக்கிறது என்பதற்காக மட்டும் தள்ளுபடி செய்யக்கூடாது. 883/2004 ஒழுங்குவிதியின் 76ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. குழந்தைப்பணத்துக்காக ஒருவர் பிரெஞ்சுத் தாள்களைக் காசு கொடுத்து மொழிபெயர்த்திருந்தால், அது பெரும்பாலும் தேவையில்லாத செலவு.

சம்பளச் சீட்டு வீட்டுக்காரருக்கும் வேலை கொடுப்பவருக்கும்தான். அவர்கள் அரசு அலுவலகம் அல்ல, முத்திரை கேட்க மாட்டார்கள். முக்கியமான நான்கு வரிகளை நீங்களே ஜெர்மனில் எழுதி இணைத்தால் போதும்.

மிஞ்சியது முழுப்பிரதி, விவாகரத்துப் பத்திரம், பட்டம். இந்த மூன்றுக்குத்தான் ஆள் தேட வேண்டும்.

ஜெர்மனியில் சத்தியப்பிரமாணம் செய்தவர்

ஜெர்மனியில் நீதிமன்றத்திலோ மாநில அதிகாரியிடமோ சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் பட்டப்பெயர் மாறும். ஓரிடத்தில் 'பெஐடிக்ட்', இன்னோரிடத்தில் 'எர்மெக்டிக்ட்', வேறோரிடத்தில் 'உஃபெண்ட்லிஷ் பெஷ்டெல்ட்'. பெயர் எதுவானாலும் ஒரு மாநிலத்தில் பிரமாணம் செய்தவரின் முத்திரை நாடு முழுவதும் செல்லும். டோர்ட்முண்டில் கொடுக்கும் தாளை ஸார்ப்ரூக்கனில் இருப்பவர் மொழிபெயர்த்தாலும் சரிதான். சொல்லப்போனால் பிரெஞ்சு எல்லையை ஒட்டிய ஸார்லாந்து, பாடன் பக்கத்து ஆட்கள் பிரெஞ்சு நகரசபைத் தாள்களைத் தினமும் பார்ப்பவர்கள்.

தேடுவதற்கு மாநில நீதித்துறைகள் சேர்ந்து நடத்தும் 'யுஸ்டிட்ஸ்-டோல்மெட்ஷர்' என்ற இணையத் தரவுத்தளம் இருக்கிறது. மொழியையும் ஊரையும் கொடுத்தால் பட்டியல் வரும். மொழிபெயர்ப்பாளர் கூட்டமைப்பான பே-டே-யூவுக்கும் ஒரு தேடல் பக்கம் உண்டு, ஆனால் அதில் சத்தியப்பிரமாணம் செய்யாதவர்களும் இருப்பார்கள், பார்த்து எடுக்க வேண்டும். தரவுத்தளத்தில் 'மொழிபெயர்ப்பாளர்' என்று இருக்கிறதா, 'உரைபெயர்ப்பாளர்' என்று மட்டும் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பின்னவர் நீதிமன்றத்தில் வாயால் மொழிபெயர்ப்பவர், தாளுக்கு முத்திரை வைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லாமல் இருக்கலாம்.

கட்டணம் பெரும்பாலும் பக்கக் கணக்கில் வராது, வரிக்கணக்கில் வரும். இடைவெளியையும் சேர்த்து 55 எழுத்து ஒரு வரி. நீதிமன்றங்கள் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கொடுக்கும் அடிப்படை விகிதம் 2021 முதல் வரிக்கு 1.80 யூரோவாக இருந்தது, 2025இல் சற்று உயர்ந்தது. தனியாருக்கு அவர்கள் எவ்வளவும் கேட்கலாம். ஆனாலும் அந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் யார் அதிகம் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஓரக்குறிப்புகளோடு ஒரு முழுப்பிரதி 30 வரி வந்தால் 55 யூரோவுக்கு அருகில். பலரிடம் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று இருக்கும். அதோடு 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி சேர்ந்ததா இல்லையா என்று கேளுங்கள். சிறிய அளவில் தொழில் செய்பவர்கள் அந்த வரியைச் சேர்க்க மாட்டார்கள்.

இவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம், தொலைபேசியில் கிடைப்பார்கள் என்பது. நம் பெயர்களுக்கு அது மிக அவசியம். பிரெஞ்சு அதிகாரி அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயர் இடத்தில் போட்டிருப்பார், கடவுச்சீட்டில் அதே பெயர் ஒரு எழுத்து குறைந்து இருக்கும். மொழிபெயர்ப்பாளர் அதைத் திருத்தக்கூடாது, தாளில் உள்ளபடியே எழுத வேண்டும். ஆனால் முன்கூட்டியே கடவுச்சீட்டின் நகலைக் கொடுத்துச் சொல்லிவிட்டால், வேறுபாட்டை ஒரு குறிப்பாகச் சேர்ப்பார். அந்த ஒரு வரிக் குறிப்பு பதிவாளரின் மேசையில் பல கேள்விகளைத் தவிர்க்கும்.

இன்னொரு இடறும் இடம். பிரெஞ்சுச் சட்டத்தில் மணமானதும் பெயர் மாறுவதில்லை. கணவர் பெயரைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். அடையாள அட்டையில் அது 'நோம் துயூசாஜ்' என்று தனியாக நிற்கும். ஜெர்மனியில் திருமணப்பெயர் என்பது சட்டப்படியான பெயர். அனுபவமில்லாத ஒருவர் முன்னதைப் பின்னதாக எழுதிவிட்டால், நம் பெண் விவாகரத்துக்குப் பிறகும் முன்னாள் கணவரின் பெயரையே சட்டப்படி சுமப்பதுபோல் ஜெர்மன் கோப்பில் பதிவாகிவிடும். நல்ல மொழிபெயர்ப்பாளர் இந்த இடத்தில் பிரெஞ்சுச் சொல்லை அப்படியே விட்டு அடைப்புக்குறியில் விளக்கம் கொடுப்பார். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, இதை எப்படி எழுதுவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதிலில் ஆள் தெரிந்துவிடும்.

பிரான்சில் உள்ளவர்

பிரான்சில் ஒவ்வொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிபுணர்கள் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். அதில் மொழிபெயர்ப்பாளர்களும் இருப்பார்கள். ஜெர்மன் மொழிக்கு ஆள் வேண்டுமென்றால் கொல்மார் நீதிமன்றப் பட்டியலைப் பாருங்கள். ஸ்ட்ராஸ்பூர் உள்ளிட்ட அல்சாஸ் முழுவதும் அதன் எல்லைக்குள் வருகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேல், இந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பூர் என்று வாழ்பவர்கள். அங்கே இரண்டு நாட்டு அலுவலக மொழியும் கைவந்த ஆட்கள் கிடைப்பார்கள். இவர்கள் மூலத்தாளின் நகலிலும் மொழிபெயர்ப்பிலும் ஒரே எண்ணைப் போட்டு 'நெ வாரியெத்தூர்' (மாற்றக்கூடாது) என்று முத்திரை குத்துவார்கள். பார்க்கவே கம்பீரமாக இருக்கும்.

ஜெர்மன் அலுவலகம் இதை ஏற்குமா? 2016/1191 விதிக்குள் வரும் தாள் என்றால் ஏற்க வேண்டும். ஒரு உறுப்பு நாட்டின் சட்டப்படி தகுதி பெற்றவர் செய்த சான்றளித்த மொழிபெயர்ப்பு எல்லா உறுப்பு நாடுகளிலும் செல்லும் என்று விதி சொல்கிறது. விவாகரத்தும் அந்த விதிக்குள் வரும் பொருள்தான், அதற்குப் பன்மொழிப் படிவம் மட்டும்தான் இல்லை. ஆனால் பட்டச் சான்றிதழ் அதற்குள் வராது. அங்கே வாங்குபவரின் விருப்பம்தான்.

சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் நடைமுறை வேறு. பல ஜெர்மன் அலுவலகங்களின் துண்டுத்தாளில் 'ஜெர்மனியில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்' என்றே அச்சாகியிருக்கும். கவுண்டரில் இருப்பவர் அந்தத் துண்டுத்தாளைத்தான் பார்ப்பார். ஒழுங்குவிதியைக் காட்டி வாதாடி நீங்கள் ஜெயிக்கலாம், அதற்குள் மண்டபத் தேதி போய்விடும். அதனால் என் எண்ணம் இது: அவசரம் இருந்தால் ஜெர்மனி ஆள். நீங்கள் இன்னும் பிரான்சில்தான் இருக்கிறீர்கள், மூலத்தாளைக் கையில் கொடுத்து நேரில் பேச விரும்புகிறீர்கள், ஜெர்மன் அலுவலகமும் சரி என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டது என்றால் கொல்மார் ஆள்.

இணைய நிறுவனங்களும் லா சப்பல் கடைகளும்

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை நிறுவனங்கள்தான். படம் பிடித்து ஏற்று, அட்டையில் பணம் கட்டு, தபாலில் வந்துவிடும் என்பார்கள். நல்லவையும் இருக்கின்றன. அவையும் வேலையை ஏதோ ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் கொடுக்கின்றன. நீங்கள் கூடுதலாகக் கட்டுவது இடைத்தரகுக்கும் வேகத்துக்கும். தனியாள் விடுமுறையில் போய்விடலாம், நிறுவனம் போகாது. நான்கைந்து மொழிகளில் தாள்கள் இருந்தாலும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். அந்த வசதிக்கு விலை கொடுப்பதில் தப்பில்லை.

ஆனால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டுவிட வேண்டும். முத்திரை வைப்பவர் யார், எந்த நீதிமன்றத்தில் பிரமாணம் செய்தவர்? பிரிட்டன், அமெரிக்கா பாணியில் நிறுவனமே தன் பெயரில் 'சான்றளிக்கிறோம்' என்று எழுதித் தரும் தாள் ஜெர்மனியில் செல்லாது, பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆள் வேண்டும். அடுத்து, அச்சுக்குப் போகும் முன் வரைவைக் காட்டுவார்களா? பெயர் எழுத்துகளைச் சரிபார்க்க இது வேண்டும். மூன்றாவது, விலைக்குள் அப்போஸ்தில் என்ற முத்திரைச் சான்று இருக்கிறதா? இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். பிரான்சும் ஜெர்மனியும் 1971 செப்டம்பர் 13இலேயே அரசுத் தாள்களுக்கு அந்த மாதிரி உறுதிப்படுத்தல் தேவையில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறகு வந்த ஐரோப்பிய விதியும் அதையே சொல்கிறது. பிரான்சிலிருந்து ஜெர்மனிக்கு அப்போஸ்தில் விற்பவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லையென்றால் நன்றாகத் தெரிந்தவர்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் படிவம் நிரப்பித் தரும் நம்மவர் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்–பிரெஞ்சு வேலைக்கு அங்கே வழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பேச்சும் எளிது. பிரெஞ்சு–ஜெர்மன் என்றால் அவர்களும் வெளியில்தான் அனுப்ப வேண்டும். அண்ணா ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற நிம்மதிக்குத் தரகு கொடுக்கிறீர்கள். அம்மா, அப்பா போன்ற வயதானவர்களுக்கு அது பெரிய உதவிதான், குறை சொல்ல மாட்டேன். மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவருக்குத் தேவையில்லை.

நண்பரோ இயந்திரமோ மொழிபெயர்த்தால் ஆகாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஜெர்மன் நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அலுவலகம் மொழிபெயர்ப்பு கேட்க வேண்டும் என்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பைத் தகுந்த காரணம் இருந்தால்தான் கேட்கலாம். அதனால் சிறு வேலைகளுக்குச் சாதாரண மொழிபெயர்ப்பே போதும் என்று சொல்லும் அலுவலர்களும் இருக்கிறார்கள். பாலர் பள்ளி, விளையாட்டுக் கழகம், தடுப்பூசி அட்டை போன்றவற்றுக்கு இயந்திரத்தில் போட்டு ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள். ஸ்டாண்டஸ்அம்ட் எனப்படும் பிறப்பு, திருமணப் பதிவாளர் அலுவலகத்துக்கும் குடியுரிமை அலுவலகத்துக்கும் அந்தப் பேச்சே வேண்டாம். இயந்திர வரைவைக் கொடுத்துவிட்டு முத்திரை மட்டும் வையுங்கள் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். முத்திரை வைப்பவர் ஒவ்வொரு வரிக்கும் தன் பெயரில் பொறுப்பேற்கிறார், அவர் எப்படியும் முதலிலிருந்துதான் பார்க்க வேண்டும். விலை குறையாது.

விவாகரத்துப் பத்திரம்: பணம் போகும் இடம்

மற்றத் தாள்களில் பத்து இருபது யூரோ வித்தியாசம்தான் வரும். பெரிய செலவு விவாகரத்தில் இருக்கிறது. பிரான்சில் 2017 ஜனவரி முதல், இருவரும் சம்மதித்தால் நீதிபதி இல்லாமலே விவாகரத்து நடக்கும். இரண்டு வழக்கறிஞர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நோட்டேர் எனும் பத்திர அதிகாரி பதிவில் வைத்துவிடுவார். அந்த ஒப்பந்தம் நீளமானது: வீடு யாருக்கு, குழந்தை யாரிடம், கார்க்கடன் யார் கட்டுவது என்று எல்லாம் இருக்கும். 12 பக்கம், பக்கத்துக்கு 40 வரி, வரிக்கு 70 எழுத்து என்று வைத்தால் மொத்தம் 33,600 எழுத்து. 55ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 611 வரி. 1.80 வீதம் கிட்டத்தட்ட 1,100 யூரோ.

கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2022 ஆகஸ்ட் 1 முதல் தொடங்கிய வழக்குகளுக்கும் அதற்குப் பின் நோட்டேரிடம் பதிவான ஒப்பந்தங்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1111 ஒழுங்குவிதி பொருந்தும். அதன் பின்னிணைப்பில் ஒரு நிலையான சான்றுப் படிவம் இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பென்றால் நீதிமன்றத்திடம், ஒப்பந்தமென்றால் நோட்டேரிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும். எல்லா மொழிகளிலும் அதே எண், அதே கட்டம் என்பதால் ஜெர்மன் பதிவாளர் தன் மொழிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்தே படித்துவிடலாம். இந்தச் சான்றும், பிறப்புப் பதிவின் ஓரத்தில் விவாகரத்தைக் குறித்த முழுப்பிரதியும் இருந்தால், ஒப்பந்தம் முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டுமா, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போதுமா என்று பதிவாளரைக் கேளுங்கள். பகுதி மொழிபெயர்ப்பு என்று தெளிவாகக் குறிப்பிட்டுச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்து தரலாம், அது முறையான வழிதான். கார்க்கடன் யார் கட்டுவது என்பது டோர்ட்முண்ட் பதிவாளருக்கு எதற்கு?

2017க்கும் 2022 ஆகஸ்ட்டுக்கும் இடையில் நோட்டேரிடம் பதிவான விவாகரத்து என்றால் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. ஜெர்மனியில் அதை அங்கீகரிக்கத் தனி நடைமுறை கேட்கப்படலாம். அந்த வகைத் தாளை, பதிவாளர் வழி சொல்லும்வரை யாரிடமும் மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள்.

பட்டம்

பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ கொடுக்கும் பட்டச் சான்றிதழில், பிரெஞ்சை அப்படியே ஏற்கும் இடங்களும் இருக்கின்றன. கேட்டுவிட்டுக் கொடுங்கள். மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் ஒரே ஒரு கவனம்: 20க்கு 14 என்ற மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். அது மதிப்பீட்டு நிறுவனத்தின் வேலை. பிரான்சில் அபிபாக் எனும் பிரெஞ்சு–ஜெர்மன் இரட்டைப் பள்ளியிறுதிப் படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு இந்தத் தலைவலி இல்லை, 1994 ஒப்பந்தத்தின்படி அவர்கள் கையில் ஜெர்மன் பள்ளியிறுதிச் சான்றான அபிட்டூரும் சேர்ந்தே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், புதுச்சேரியில் பிறந்தவர்

இதுவரை பார்த்த பெண் பிரான்சில் பிறந்தவர். அவருடைய அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு அலமாரியில் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் ஒன்று, பிரெஃபெக்சர் எனும் மாவட்ட அரசு அலுவலகத்துக்காக அந்தக் காலத்தில் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்று. அந்தப் பிரெஞ்சுத் தாளை ஜெர்மனில் மொழிபெயர்ப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது. மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பை ஜெர்மன் அலுவலகம் விரும்பாது, முதல் ஆள் விட்ட பிழை இரண்டாம் ஆள் கையில் உறுதியாகிவிடும். இலங்கைத் தாளுக்கு ஐரோப்பிய விதிகளின் சலுகையும் கிடையாது.

அம்மா பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர் என்றால் வழி சுலபம். வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெறுபவர்களுக்கு நான்த்தில் உள்ள மத்தியப் பதிவகம் பிரெஞ்சுப் பிறப்புப் பதிவொன்றை உருவாக்குகிறது. அதிலிருந்து பிரதி எடுத்தால் அது பிரெஞ்சு அரசின் தாள், மேலே சொன்ன விதிகள் எல்லாம் பொருந்தும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக்காரர்களுக்கும் கேட்க வேண்டிய இடம் நான்த்தான். அகதி அந்தஸ்தில் இருப்பவர்களுக்கு ஒஃப்ப்ரா எனும் பிரெஞ்சு அகதிகள் அலுவலகம் கொடுக்கும் பிறப்புச் சான்று இருக்கும். அதுவும் பிரெஞ்சு அரசின் தாளே, அதை ஜெர்மன் ஆளிடம் கொடுத்து மொழிபெயர்க்கலாம். இவை எதுவும் இல்லாதவர் இலங்கை மூலத்தாளை எடுத்துக்கொண்டு, தமிழிலிருந்து நேரே ஜெர்மனுக்கு மொழிபெயர்க்கும் ஒருவரை அதே தரவுத்தளத்தில் தேட வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வரி: ஐரோப்பிய ஒழுங்குவிதிகள் அங்கே செல்லாது, ஆனால் 1976 உடன்படிக்கையில் சுவிஸும் இருப்பதால் பன்மொழிச் சான்றிதழ் அங்கேயும் செல்லும்.

அலுவலகத்துக்கு எழுதும் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: பன்மொழிச் சான்றிதழ் போதுமா, முழுப்பிரதியா? எத்தனை மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்? பிரான்சில் சத்தியப்பிரமாணம் செய்தவரின் மொழிபெயர்ப்பை ஏற்பீர்களா? மொழிபெயர்ப்பு மூலத்தாளைப் பார்த்துச் செய்யப்பட வேண்டுமா, ஸ்கேன் போதுமா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் எதைப் பார்த்துச் செய்தார் என்பதைச் சான்று வரியில் எழுதுவார், 'ஸ்கேனிலிருந்து' என்ற ஒரு சொல்லுக்காகத் திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் உண்டு. பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். கவுண்டரில் ஆள் மாறினாலும் அந்தத் தாள் பேசும்.

இன்னொன்று, அவசரப்பட்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே மொழிபெயர்த்து வைக்க வேண்டாம். முழுப்பிரதி ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்று பல ஸ்டாண்டஸ்அம்ட்டுகள் கேட்கின்றன. நாள் தள்ளிப்போய்ப் புதிய பிரதி எடுக்க நேர்ந்தால், அதே மொழிபெயர்ப்பாளரிடமே போங்கள். பழைய கோப்பு பெரும்பாலும் அவரிடம் இருக்கும். தேதியும் ஓரக்குறிப்பும் மட்டும் மாறியிருந்தால் முழுத்தொகை கேட்காமல் புதிய முத்திரையோடு தருபவர்கள் பலர். முதல் தடவை விலை பேசும்போதே இதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.